₹ குறியைத் தட்டும் வழிகளும் அது உடையும் இடங்களும்

2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ₹ குறியைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்தார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு எண் தரும் பட்டியல் யூனிகோடு; அதே ஆண்டு அக்டோபரில் வந்த அதன் 6.0 பதிப்பு ₹ குறிக்கு 8377 என்ற எண்ணைக் கொடுத்தது. பத்துக்குப் பதில் பதினாறு இலக்கங்களால் எண்ணும் பதினாறடிமான முறையில் அது 20பி9 (நடுவில் இருப்பது ஆங்கிலப் பி). கணினிக்கு ₹ என்பது இந்த எண்தான். உருவத்தைத் தருவது எழுத்துரு.

விண்டோஸில் விசைப்பலகைப் பட்டியலில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ சேர்த்துவிட்டால் வேலை சுலபம்: வலது ஆல்ட்டுடன் 4. அதைச் சேர்க்காமல் வேர்டில் மட்டும் வேண்டுமென்றால், ஆங்கிலத்துக்கு மாறி 20பி9 தட்டி, உடனே ஆல்ட்டுடன் எக்ஸ் அழுத்துங்கள். முன்னால் வேறு எண் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் படித்துவிடும். 20பி9 என்ற அந்த நான்கு எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து அழுத்துவது நல்லது.

ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 8377 தட்டும் வழி வேர்டில் பலிக்கும். பல நிரல்களில் அதே விசைகள் ╣ என்ற கோட்டுத்துண்டைத் தருவதற்குக் காரணம், அவை 255-க்கு மேல் எண்ணுவதில்லை. 8377-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 185; விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் எழுத்து அட்டவணையில் 185-ஆம் இடத்தில் இருப்பது அந்தத் துண்டு.

லினக்ஸில் பல நிரல்களில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி, 20பி9 தட்டி, என்டர். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் அழுத்தினால் திறக்கும் குறிப்பலகையில் ரூபீ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கைப்பேசியில் எண் பக்கத்துக்குப் போய் நாணயக் குறியை அழுத்திப் பிடித்தால் போதும். இணையப்பக்கத்தின் மூலத்தில் ₹ என்று எழுதலாம்.

தட்டுவதைவிட, தட்டியது அப்படியே போய்ச் சேர்வதுதான் பாடு. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ₹ மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது: 226, 130, 185. படிக்கும் நிரல் அதைப் விண்டோஸ் 1252 என்ற பழைய எழுத்து அட்டவணைப்படி எழுதியது என்று நினைத்துக்கொண்டால், தொப்பி போட்ட ஆங்கில ஏ, காற்புள்ளி போன்ற ஒன்று, மேலே ஏறிய சிறு 1 என்று மூன்றாகச் சிதறும். எக்செல் கோப்பை ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வகையில் சேமித்தால் இது தீரும். கேள்விக்குறி வந்தாலோ நிலைமை வேறு: எங்கோ ஒரு கட்டத்தில் குறியே தொலைந்துவிட்டது, மூலக்கோப்பிலிருந்து மறுபடி ஏற்றித்தான் ஆகவேண்டும். வெறும் கட்டம் தெரிந்தால் எண் பத்திரமாக இருக்கிறது, எழுத்துருவை மாற்றுங்கள்.

எக்செல் கட்டத்துக்குள் ₹500 என்று கையால் தட்டாதீர்கள். கணினியின் வட்டார அமைப்பு இந்தியா இல்லையென்றால் அது வெறும் எழுத்தாகிவிடும், கூட்டல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 500 மட்டும் தட்டி, நாணய வடிவமைப்பில் ₹ தேர்ந்தெடுங்கள்.

2010-இல் எழுதிய சில ஆவணங்களில் தொகைக்கு முன்னால் ` நிற்கும். யூனிகோடு எண் வருவதற்கு முன், அந்த விசையில் ரூபாய் உருவத்தை ஒட்டவைத்த எழுத்துரு பரவியிருந்ததன் மிச்சம் அது. தேடி மாற்றும்போது, தேடும் பெட்டியில் அந்த எழுத்துருவையும் குறிப்பிடுங்கள். இல்லையேல் உண்மையான ` குறிகளும் சேர்ந்து மாறிவிடும்.

குறுஞ்செய்தியில் ₹ காசைத் தின்னும். அதன் அடிப்படை எழுத்துத் தொகுதியில் இந்தக் குறி இல்லாததால், ஒன்றே ஒன்று நுழைந்தாலும் 160 எழுத்து வரம்பு 70 ஆகிவிடும். நீளும் செய்தி 67 எழுத்துத் துண்டுகளாக உடையும்: 150 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தி ஒன்றுக்குப் பதில் மூன்றாகக் கணக்காகும். தமிழ்ச் செய்திக்கு எப்படியும் 70 தான், தாராளமாகப் போடலாம். ரசீது அச்சுப்பொறிகளில் குறி வராவிட்டால் ‘ரூ.’ என்பதைப் படமாக அனுப்புங்கள், அல்லது ஆங்கிலச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தமிழுக்கென்றே உள்ள ௹ வேறு குறி, எண் 3065. பழைய ₨ குறியின் எண் 8360. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கணக்குக் கோப்பில் மூன்றையும் கலக்காதீர்கள்.