சர்ச் வாரண்ட் கேட்டு போலீஸ் மனு போடுவது எப்படி?

ஒரு தரகர் வீட்டில் போலிப் பத்திரங்களும் போலி முத்திரைகளும் இருப்பதாக ஸ்டேஷனுக்குத் தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. அடுத்து, வீட்டைச் சோதனை போட கோர்ட் தரும் உத்தரவான சர்ச் வாரண்டை எப்படிக் கேட்பது?

1. பிரிவைத் தேர்ந்தெடுப்பது

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், அதற்குப் பதிலான பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. பழைய சட்டத்தின் 93, 94-ஆம் பிரிவுகள் இப்போது 96, 97. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் பழைய மாதிரி மனுவை அப்படியே நகலெடுத்தால் எண்ணிலேயே இடறும். போலி ஆவணம், கள்ள நோட்டு, திருட்டுப் பொருள் பதுக்கிய இடம் என்றால் 97. வழக்குக்குத் தேவையான வேறு ஆவணம், பொருள் என்றால் 96.

2. மனு எழுதுவது

குற்ற எண், சட்டப் பிரிவுகள், வீட்டின் கதவு எண், எந்த மாடி, தேடும் பொருள் எது, இதெல்லாம் எழுதிவிடலாம். கஷ்டம் காரணத்தில்தான். 'நம்பத்தகுந்த தகவல் கிடைத்தது' என்ற ஒற்றை வரியை வைத்து மாஜிஸ்திரேட் எதை நம்புவார்? தகவலை எப்படிச் சரிபார்த்தீர்கள், ஏமாந்தவர் வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது, பொருள் அந்த வீட்டில்தான் இருக்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். 96-இல் கேட்டால் இன்னொரு கேள்வியும் வரும்: புதிய சட்டத்தின் 94-ஆம் பிரிவில் சம்மன் அனுப்பி வாங்கக்கூடாதா? அனுப்பினால் கொண்டுவர மாட்டார் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

3. கோர்ட்டில்

எல்லைக்குட்பட்ட முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் மனு போகும். கேஸ் டைரியோடு (விசாரணையை நாள்வாரியாக எழுதும் குறிப்பேடு) விசாரணை அதிகாரியே போவது நல்லது. 96-இல் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் தேடும்படியும் கோர்ட் வரம்பு போடலாம். 97 வாரண்டைக் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியில் உள்ளவருக்குத்தான் கொடுக்க முடியும்.

4. வாரண்ட் வந்த பிறகு

அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேராவது சாட்சி. எப்போதும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அதே இருவரைக் கூட்டிப்போனால் குறுக்கு விசாரணையில் வழக்கு பல்லிளிக்கும். பெண்ணைச் சோதிப்பது பெண்தான். தேடுவது முதல் கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது வரை வீடியோ எடுக்க வேண்டும், செல்போனே போதும் (பிரிவு 105). பதிவைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புங்கள். பட்டியலின் நகல் வீட்டுக்காரருக்கு.

அதற்குள் பத்திரங்களை எரித்துவிடுவார் என்றால்? 185-ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமலே தேடலாம். ஆனால் காரணத்தை முன்கூட்டியே கேஸ் டைரியில் எழுதி, நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அந்த நகல் அவருக்கும் இலவசமாகக் கிடைக்கும்.