மழைக்கணக்கும் மணிக்கணக்கும்: என்டிபியில் ஜிபிஎஸ் கடிகாரத்துக்குப் பெயர் வைத்து இணைப்பது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன வாளி நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையும், அதோடு இணைத்த ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அந்த இரவு கரண்ட் போய்ப் போய் வந்தது; நெட் அடியோடு போய்விட்டது. பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. நெட் இல்லாமல் எழுந்தால், கடைசியாகக் கோப்பில் எழுதி வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்துவிடும். வாளி எத்தனை முறை கவிழ்ந்தது என்பது என்னிடம் இருக்கிறது. எந்த மணிக்குக் கவிழ்ந்தது என்பது இல்லை. அப்படி ஒரு மழையின் கணக்கை இழந்தது இன்றும் எனக்கு வருத்தம்தான். அதனால்தான் நெட் இல்லாமலே செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கித் தரும் ஜிபிஎஸ்ஸை மாடியில் வைத்தேன்.

உங்களுக்கும் அதைச் சொல்லித் தருகிறேன். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்

கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் முறையான என்டிபியை உருவாக்கியவர் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். அதன் முதல் வரையறை 1985-இல் வந்தது. பழைய என்டிபியில், கணினியோடு நேரடியாக இணைத்த கடிகாரத்தையும் ஒரு ஐபி முகவரி போலவே எழுதுவார்கள்: 127.127.20.0. நெட்டில் அப்படி ஒரு கணினி இல்லை. முதல் இரண்டு 127-உம் ‘இது வெளியே போகிற முகவரி இல்லை, உள்ளே இருக்கும் கடிகாரம்’ என்பதற்கான அடையாளம். மூன்றாவது எண் டிரைவரின் (கடிகாரத்தோடு பேசும் நிரலின்) வகை: 20 என்றால் ஜிபிஎஸ் பேசும் மொழியான என்எம்இஏ, 22 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ், 28 என்றால் பகிர்வு நினைவகம். நான்காவது யூனிட் எண், அந்த வகையில் எத்தனையாவது கருவி என்பது.

எங்கள் பக்கம் ஒரே ஊரில் நாலு இசக்கி இருப்பார்கள். ‘மேலத்தெரு இசக்கி’, ‘கீழத்தெரு இசக்கி’ என்று சொன்னால்தான் ஆள் பிடிபடும். வகை என்பது ‘இசக்கி’, யூனிட் எண் என்பது தெரு. இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

டெபியன் என்ற லினக்ஸின் 12-ஆம் பதிப்பிலிருந்து என்டிபி என்று நிறுவினால் வருவது அதன் புது வடிவமான என்டிபிசெக். அதில் இந்த எண் முகவரி வேண்டாம். டிரைவரின் பெயரையே எழுதலாம். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தாலும் படித்தவுடன் புரியும்.

வயர் இணைப்பு

நியோ 6எம் ஜிபிஎஸ் போர்டு போதும். ஆனால் பிபிஎஸ் என்று அச்சிட்ட கால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; மலிவான பல போர்டுகளில் அதை வெளியே எடுத்திருக்க மாட்டார்கள். போர்டின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) காலைப் பையின் 10-ஆம் பின்னிலும், பிபிஎஸ் காலை 12-ஆம் பின்னிலும், கிரவுண்டை 6-ஆம் பின்னிலும், மின்சாரத்தை 1-ஆம் பின்னிலும் செருகுங்கள். ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் போர்ட்டை ஆன் செய்து, சீரியல் கன்சோலை ஆஃப் செய்யுங்கள். பூட் கான்ஃபிக் கோப்பில் 18-ஆம் ஜிபிஐஓவுக்கான (12-ஆம் பின்னின் உள்பெயர் அது) பிபிஎஸ் ஓவர்லே வரியைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள்.

முதலில் போர்டைத் தார்சாவில்தான் வைத்துப் பார்த்தேன். மேலே கான்கிரீட், முன்னால் தகரக் கொட்டகை. ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. மாடிக்குக் கொண்டுபோனதும் கீழே இருந்த எனக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி குரல் கொடுத்தான்: “அண்ணாச்சி, லைட்டு மினுக்க ஆரம்பிச்சிட்டு!” அந்த மினுக்கல்தான் வானம் கிடைத்ததற்கு அடையாளம்.

இப்போது சீரியல் போர்ட்டைக் கேட் கட்டளையால் திறந்தால் வரிகள் ஓடும். ஜிபிஆர்எம்சி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். எனக்கு வந்தது: 041530.00, பிறகு ‘ஏ’, பிறகு 0843 என்று தொடங்கும் எண், பிறகு 07744 என்று தொடங்கும் எண். அதாவது 4 மணி 15 நிமிடம் 30 நொடி, தகவல் செல்லுபடியாகும், வடக்கே 8 பாகை 43 கலை, கிழக்கே 77 பாகை 44 கலை. பாளையங்கோட்டையேதான். ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வி’ இருந்தால் இன்னும் பிடிபடவில்லை, காத்திருங்கள்.

சுவர்க் கடிகாரம் அப்போது 9:45 காட்டியது. பயப்பட வேண்டாம், ஜிபிஎஸ் வரியில் வருவது உலக நேரம். என்டிபியும் உலக நேரத்தில்தான் ஓடும். ஐந்தரை மணியை எந்த அமைப்பிலும் நீங்கள் கூட்டக் கூடாது. அது டைம்ஸோன் பார்த்துக்கொள்ளும் வேலை.

கருவிக்கு நிலையான பெயர்

என்எம்இஏ டிரைவர், யூனிட் 0 என்றால் டெவ் கோப்புறையில் ஜிபிஎஸ்0 என்ற பெயரைத் தேடும். பிபிஎஸ்ஸுக்கு ஜிபிஎஸ்பிபிஎஸ்0 என்ற பெயரை. ஆனால் லினக்ஸின் மையமான கர்னல் வைத்திருப்பது டிடிஒய்எஸ்0, பிபிஎஸ்0 என்ற பெயர்கள் (டிடிஒய்எஸ்-இல் எஸ் மட்டும் பெரிய எழுத்து). இரண்டையும் முடிச்சுப் போடுவது, கருவிகளுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் என்ற நிரலுக்கான விதி. யூடெவ் ரூல்ஸ் கோப்புறையில் புதுக் கோப்பு திறந்து, கர்னல் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, இரட்டைச் சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் டிடிஒய்எஸ்0; பிறகு கமா; பிறகு சிம்லிங்க் என்ற சொல் பெரிய எழுத்தில், கூட்டல் குறியும் ஒற்றைச் சமக்குறியும், மேற்கோளுக்குள் ஜிபிஎஸ்0. பிபிஎஸ்ஸுக்கும் அதேபோல் இன்னொரு வரி. இரட்டைச் சமக்குறி ‘இதுவா?’ என்று கேட்கிறது. கூட்டல் சமக்குறி ‘இதையும் சேர்’ என்கிறது. நான் முதல் நாள் இரண்டு இடத்திலும் ஒரே குறியைப் போட்டுவிட்டு அரை நாள் தேடினேன்.

என்டிபி கோப்பு

என்டிபிசெக்கின் கான்ஃப் கோப்பில், ஏற்கெனவே இருக்கும் பூல் வரிகளை (நெட்டிலிருந்து நேரம் வாங்குபவை) அப்படியே விட்டுவிட்டு, இந்த வரியைச் சேருங்கள்:

ரெஃப்கிளாக் என்எம்இஏ யூனிட் 0 மோட் 17 மின்போல் 4 மேக்ஸ்போல் 4 ரெஃப்ஐடி ஜிபிஎஸ்

17 என்பது இரண்டு எண்களின் கூட்டல்: ஆர்எம்சி வரியை மட்டும் படிக்க 1, வேகம் 9600 என்பதற்கு 16. போர்டு 4800-இல் பேசினால் வெறும் 1. போல் 4 என்றால் 2-இன் நான்காம் அடுக்கு, 16 நொடிக்கு ஒருமுறை. ரெஃப்ஐடி நீங்கள் வைக்கும் பெயர். நான்கு எழுத்துக்குள் இருக்கட்டும்.

சேவையை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, என்டிபிக்யூ கட்டளையைக் கோடு-பி சேர்த்து ஓட்டுங்கள். ரீச் என்ற கட்டத்தைக் கவனியுங்கள்: 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறும். எட்டு அடிமானத்தில் எழுதிய எண் அது. கடைசி எட்டு முயற்சியும் வெற்றி என்றால் 377. அது 0-விலேயே நின்றால் பெயர் பொருந்தவில்லை, அல்லது அனுமதி இல்லை, அல்லது ஜிபிஎஸ்டி என்ற வேறு நிரல் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுத்திருந்தால் லாக்கில் தெரியும்.

ஆஃப்செட் (நேர வித்தியாசம்) கட்டத்தில் எனக்கு மைனஸ் 130 மில்லிநொடி வந்தது, வரியின் முன்னால் ‘எக்ஸ்’ குறியோடு. பொய் சொல்லும் கடிகாரம் என்று என்டிபி ஒதுக்கிவிட்டது. அது பொய் இல்லை, தாமதம். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். 70 எழுத்து வரி வந்து சேரவே 73 மில்லிநொடி. போர்டு கணக்குப் போடும் நேரம் வேறு. அந்தத் தாமதத்தை ரெஃப்கிளாக் வரியின் கடைசியில் எழுதிவிடுங்கள்:

டைம்2 0.130 ஃபிளாக்1 1 ப்ரிஃபர்

ஃபிளாக்1 பிபிஎஸ்ஸை இயக்குகிறது. இது எந்த நொடி என்பதை ஜிபிஎஸ் வரி சொல்லும். அந்த நொடி சரியாக எப்போது பிறந்தது என்பதைப் பிபிஎஸ் துடிப்பு சொல்லும். இனி என்டிபிக்யூ காட்டும் வரியின் முன்னால் ‘ஓ’ என்ற குறி வரும். என்னுடையதில் ஆஃப்செட் மில்லிநொடிக்கும் கீழே போனது.

கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

நெட் இல்லாத நாளுக்காகத்தான் இதைச் செய்தோம். ஆகவே நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பையின் மின்சாரத்தை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். ரீச் 377 வந்தது. நேரம் மட்டும் திருந்தவில்லை! டெபியன் தரும் கோப்பில் ‘டாஸ் மின்கிளாக் 4 மின்சேன் 3’ என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று கடிகாரமாவது ஒத்துப்போகாமல் நேரத்தைத் தொடாதே என்று பொருள். நெட் இருக்கும்போது நல்ல விதி. மழை ராத்திரியில் ஒற்றை ஜிபிஎஸ்ஸின் கையைக் கட்டிப்போடும் விதி. அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு அணைத்துவிடுங்கள்.

மறுபடி கேபிளைப் பிடுங்கினேன், மின்சாரத்தை நிறுத்தினேன், போட்டேன். சில நிமிடத்தில் நேரம் சரியான இடத்துக்குத் தாவியது. அந்த வாரமே ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்த பிறகு சாரல் விழுந்தது. நெட் இன்னும் வரவில்லை. மூன்று வாளி கவிழ்ந்தது, மூன்றுக்கும் மணி சரியாக இருந்தது.