பிளாஸ்க்கில் இருப்பது என்ன செல்? புற்றுநோய் ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்டிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சீனியர் ஒருவர் பிளாஸ்க்கை நீட்டி, "இது மார்பகப் புற்றுநோய் செல், வளர்த்துக்கோ" என்பார். மறுபேச்சு இல்லாமல் வாங்கி இன்குபேட்டரில் வைத்துவிடுவோம். முதல் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பிளாஸ்க்கின் மேல் மார்க்கரில் இருப்பது வெறும் பெயர். உள்ளே இருப்பது அதுதானா என்பது வேறு கேள்வி. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனை (ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) பல ஆண்டுகள் மார்பகப் புற்றுநோயின் மாதிரியாக உலகமே பயன்படுத்தியது. 2000-இல் அதன் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தபோது, தோலில் வரும் மெலனோமாவின் சாயல் தெரிந்தது. எம்14 என்ற மெலனோமா செல் லைனும் இதுவும் ஒன்றுதான் என்று பின்னர் உறுதியானது. அதற்குள் அதை நம்பி எத்தனை தீசிஸ் முடிந்திருக்கும்!

இது புதிய கதையும் அல்ல. 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் அசுர வேகத்தில் வளரக்கூடியவை. பொதுவான மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) பாட்டிலிலோ பிப்பெட்டிலோ ஒரு துளி ஒட்டியிருந்தால் போதும். கொஞ்ச நாளில் பக்கத்துச் செல்களை ஓரங்கட்டிவிட்டு பிளாஸ்க் முழுக்கத் தானே நிறைந்துவிடும். தனித்தனி என்று நம்பப்பட்ட 18 செல் லைன்களில் ஹீலா கலந்திருப்பதை மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் 1966-இலேயே சொன்னார். கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

இன்று டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகளை ஒப்பிடும் எஸ்டிஆர் சோதனை இருக்கிறது. தடயவியலில் ஆளை அடையாளம் காண்கிற அதே முறைதான். செல் கைக்கு வந்ததும் ஒரு முறை, பேப்பர் அனுப்பும் முன் இன்னொரு முறை செய்துவிடுங்கள். கூடவே மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கும் தவறாமல் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) பாருங்கள். இந்தப் பாக்டீரியாவுக்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் பலிக்காது. மீடியமும் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. ஆனால் செல்லின் வளர்சிதை மாற்றத்தையே திருப்பிவிடும். மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் துள்ளிக் குதித்தது இதன் கைங்கரியமாகக்கூட இருக்கலாம்.

நோயாளியின் திசுவை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு வேறு கண்ணி. அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த கட்டி, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விழும் வரை எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தது? அந்த இடைவெளியில் பாஸ்பேட் ஏறிய புரதங்களின் அளவு மாறிவிடும். கட்டி ஒரு மணி நேரம் கிடந்து, இயல்புத் திசு உடனே உறைந்திருந்தால், நீங்கள் அளப்பது புற்றுநோயை அல்ல, தாமதத்தை. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நோயியல் மருத்துவரிடம் போய்ப் பேசினால் பத்து நிமிடத்தில் தெரியும். பலர் மூன்றாம் ஆண்டு வரை அங்கே எட்டியே பார்ப்பதில்லை.

அப்புறம் எண்ணிக்கை. ஒரே நாளில், ஒரே பிளேட்டில், மூன்று குழிகளில் அளந்துவிட்டு 'என் = 3', அதாவது மூன்று தனித்தனிச் சோதனைகள், என்று போடுவது. அது ஒரே சோதனையை மூன்று முறை அளந்தது, அவ்வளவுதான். பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு வரக்கூடிய வாய்ப்பு) 0.06 வந்ததும் இன்னும் இரண்டு எலிகளைச் சேர்த்து வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே இறக்குவதும் இதே ரகம். எத்தனை எலி என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஆம்ஜென் மருந்து நிறுவனத்தார் புகழ்பெற்ற 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின என்று 2012-இல் எழுதியபோது, பலருக்குத் தங்கள் சொந்தப் பேப்பர் நினைவுக்கு வந்திருக்கும்.

எக்செல்லைச் சொல்லாமல் விட்டால் பாவம். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். கடைசியில் மனிதர்கள்தான் பணிந்தார்கள். 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களே மாறின. இது சிரிக்கக்கூடிய தவறு. டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது அப்படியல்ல. யாருக்கு எந்த கீமோ மருந்து பலிக்கும் என்று மரபணுவை வைத்துச் சொல்வதாக வந்த ஆய்வைப் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் தோண்டியபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தது. சில இடங்களில் பலிக்கும், பலிக்காது என்ற குறிகளும் தலைகீழாக இருந்தன. அதை நம்பி நோயாளிகள் மீது பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அந்த விவகாரத்தில் கவனக்குறைவோடு மோசடியும் இருந்தது பின்னர் தெரியவந்தது. பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டன. மூல டேட்டாவை ஒருபோதும் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள், ஒவ்வொரு படியையும் கோடாக எழுதி வையுங்கள்.

லேப் மீட்டிங்கில் அழகான படத்தை மட்டும் காட்டுவதும் தவறுதான். பலிக்காத சோதனையைக் காட்டினால் கைடு முகம் சுளிப்பார், சரி. மறைத்தால் அதே சோதனையை அடுத்த பெஞ்சில் இருப்பவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்வார். ஆசிரியர் வரிசையையும் வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். பேப்பர் முடிந்தபின் பேசினால் நட்பு மிஞ்சாது.

வெளியேறும் நாளில் ப்ரீசரில் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். "புதுசு 2", "நல்லது", "கேட்டுட்டு எடு" என்று எழுதிய குப்பிகள் இருக்கும். செல்லின் பெயர், எத்தனையாவது பாசேஜ் (புது பிளாஸ்க்குக்கு மாற்றி வளர்த்த முறை), தேதி, எஸ்டிஆர் எப்போது பார்த்தது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் சேரப்போகிறவருக்கு அதிலிருந்துதான் பிளாஸ்க் போகும்.