மாங்காய் மூட்டை வந்து இறங்கியதும் செய்ய வேண்டியது

கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ மூட்டை நிறைய செந்தூராவும் மல்கோவாவும் பெங்களூருக்கு ஏற்றி விடுவார்கள், ஒரு வாரத்தில் பாதி கருத்துப்போய்க் குப்பைக்குப் போகும். வீட்டில் ஈரம் அதிகம் என்று பழியைத் தூக்கி வீட்டின் மேல் போடுகிறோம். ஆனால் அந்தப் பூசணம் பெரும்பாலும் தோப்பிலிருந்தே கூட வந்ததுதான். மரத்தில் இருக்கும்போது மழையிலும் பனியிலும் அந்தராக்னோஸ் பூஞ்சை தோலில் ஒட்டிக்கொள்ளும், காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் கிடக்கும், பழுக்க ஆரம்பித்ததும் கரும்புள்ளியாக வெளியே வரும். அதனால் எதைச் செய்வதானாலும் காயாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

முதலில் மாமாவுக்கு ஒரு போன். "உலுக்கித் தள்ளாதீங்க மாமா, வலை கட்டின துரட்டியில பறிங்க, கொஞ்சம் காம்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். காம்பு வேரோடு பிய்ந்தால் பால் வழிந்து தோல் வெந்துபோகும், காம்படி அழுகலுக்கும் அதுதான் வாசல். அடிபட்ட காயைத் தனியாக எடுத்து ஊறுகாய்க்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது வெந்நீர் முக்கு. பறித்த அன்றோ மறுநாளோ செய்தால்தான் நல்ல பலன். பெரிய அண்டாவில் தண்ணீரை 52 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, நன்றாக முற்றிய காய்களை 5 முதல் 10 நிமிடம் முழுதாக மூழ்க வையுங்கள். கை வைத்துப் பார்த்துச் சூட்டைச் சொல்ல முடியாது, சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 50-க்குக் கீழே போனால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும், 55-ஐத் தாண்டினால் தோல் வெந்துவிடும். காயைப் போட்டதுமே சூடு சட்டென இறங்கும், அதனால் தண்ணீர் நிறைய, காய் கொஞ்சம், பக்கத்தில் ஒரு கெட்டில் கொதிநீர். பிஞ்சுக்கும் பழுத்த பழத்துக்கும் இது வேண்டாம்.

எடுத்ததும் துணியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே நன்றாகக் காயவிடுங்கள், காம்புக்குழியில் ஒரு சொட்டு ஈரம்கூட நிற்கக் கூடாது. அப்புறம் காய்ந்த வைக்கோலிலோ செய்தித்தாளிலோ ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கிக் காற்றோட்டமான அறையில் வையுங்கள். போன வருஷத்து வைக்கோலை மறுபடி எடுக்க வேண்டாம், அதில் என்னென்ன குடியிருக்கிறதோ. கட்டிலுக்கு அடியில் கோணி போட்டு மூடுவதும் வேண்டாம், புழுக்கம்தான் பூஞ்சைக்கு விருந்து. பெங்களூரின் ஜூன் மாத வெப்பமே பழுக்கப் போதும். கார்பைடு கல் பக்கமே போகாதீர்கள், அது தடை செய்யப்பட்டது.

காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துக் குழி விழும், வெளியே எடுத்தபின் ருசியாகப் பழுக்காது, சீக்கிரம் அழுகும். முழுக்கப் பழுத்த பிறகு சில நாள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், தப்பில்லை.

எலுமிச்சை, ஆரஞ்சு கதை வேறு. அவற்றில் வரும் பச்சைப் பூசணம் தோலில் கீறல் இருந்தால்தான் உள்ளே நுழையும், ஆகவே கீறல் விழுந்ததை முதலில் பிழிந்து தீர்த்துவிடுங்கள். பச்சைப் பொடி பூத்த ஒன்று கண்ணில் பட்டால் தட்டாமல், ஊதாமல், காகிதத்தால் மூடி அப்படியே வெளியே எடுங்கள், பொடி பறந்தால் கூடை முழுக்க விதைத்த மாதிரிதான். கூடையையும் கழுவி வெயிலில் போடுங்கள்.

ஆப்பிள் அழுகினால் வெட்டிவிட்டு மிச்சத்தை ஜூஸ் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் வளரும் நீலப் பூசணம் பாட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது அழுகாத பகுதிக்கும் பரவியிருக்கலாம், கொதிக்க வைத்தாலும் முழுசாகப் போகாது. முழுப் பழத்தையும் தூக்கிப் போடுங்கள்.