கையால் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தட்டு: சக்கரம் இல்லாமல் களிமண்ணில்

நான் செய்த முதல் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றியதும், ரசம் நேராக வீட்டுக்காரர் மடிக்குப் போனது. கறுப்புத் தட்டு, அப்பளம் மாதிரி தட்டை, ஓரமே கிடையாது. நடுவில் ஒரு துண்டு கேக் வைத்துப் படம் எடுத்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் தினமும் கேக்கா சாப்பிடுகிறோம்? பிசைய இடமில்லை, சோற்றைத் தள்ளிச் சேர்க்கச் சுவரில்லை. முள்கரண்டி பிடிக்கிற கைக்காக யாரோ வரைந்ததை அப்படியே காப்பியடித்திருந்தேன்.

அதனால் இந்த முறை கையிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஆரம்பிப்போம். சக்கரம் வேண்டாம், சப்பாத்திக் கட்டை போதும். சூளைக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கும்.

நான் இருப்பது கோத்தகிரி. ஊர்ப் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் அந்தச் சமூகத்தில் மண்பாண்டம் செய்வது பெண்கள். படுகர், தோடர் வீடுகளில் ஒருகாலத்தில் புழங்கியதும் அவர்கள் செய்த பானைகள்தான். நாம் செய்யப்போவது அந்தப் பானை இல்லை, அதைவிட அதிகச் சூட்டில் சுடுகிற ஸ்டோன்வேர். ஆனாலும் இந்த ஊரில் உட்கார்ந்து மண்ணைப் பிசையும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

படி 1: தட்டில் என்ன வரப்போகிறது?

'அழகான தட்டு' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எதற்கு அழகு என்பதுதான் கேள்வி. வாழையிலையைப் பாருங்கள். வெள்ளைச் சோறு, மஞ்சள் பருப்பு, பழுப்புக் குழம்பு, சிவந்த ஊறுகாய், எதை வைத்தாலும் அந்தப் பச்சைமேல் எடுப்பாகத் தெரியும்.

எங்கள் பக்கத்து ராகிக் களியையும் அவரைக் குழம்பையும் எடுத்துக்கொள்வோம். களி கரும்பழுப்பு. கறுப்புத் தட்டில் வைத்தால் அமாவாசை இருட்டில் எருமை. அதற்கு வெளிர் நிறம்தான் சரி. பால் வெள்ளை இல்லை, தயிர் போல லேசாக மங்கின வெள்ளை. இட்லி, ஆப்பத்துக்குத் தலைகீழ்: கரும்பச்சை அல்லது நீலம். நாம் சாப்பிடுகிற எதுவும் அநேகமாக நீலமாக இருப்பதில்லை என்பதால், நீலத் தட்டு எந்தச் சாப்பாட்டோடும் ஒத்துப்போகும்.

அடுத்து வடிவம். இப்போது சாப்பிடுகிற தட்டில் உங்கள் கையைக் கவனியுங்கள். நான்கு விரலும் சோற்றைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சரிவில் முட்டும், அங்கேதான் கவளம் உருவாகும். அந்தச் சரிவுதான் தட்டின் உயிர். சுவர் 2.5 செ.மீ. உயரம் இருக்கட்டும்; உள்பக்கம் மூலை இல்லாமல் வளைந்து ஏறட்டும். மூலை இருந்தால் பருக்கை மாட்டும், கழுவுகிறவர் திட்டுவார். பரிமாறினபின் தட்டில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கிற மாதிரி அளவு வையுங்கள். பிசைய இடமும் ஆச்சு, கண்ணுக்கும் லட்சணம்.

படி 2: அளவு

மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது, விற்பவரிடம் கேளுங்கள். நான் வாங்குவது மொத்தம் 12 சதவீதம் சுருங்கும். 24 செ.மீ. தட்டு வேண்டுமானால் 24-ஓடு 12 சதவீதத்தைக் கூட்டக் கூடாது, 24-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். 27.3 செ.மீ. வரும்.

வீட்டில் வாய் 27 செ.மீ. சுற்றுக்கு இருக்கும் ஒரு எவர்சில்வர் தட்டைத் தேடுங்கள். அதுதான் நம் அச்சு. உள்ளே செய்தித்தாளை அழுத்தி, விளிம்போடு வெட்டி எடுத்தால் மண்ணை வெட்ட அளவு தயார்.

படி 3: தேய்த்தல்

ஒன்றரை கிலோ ஸ்டோன்வேர் மண், பழைய வேட்டித் துணி, 6 மி.மீ. பிளைவுட் பட்டை இரண்டு. மண்ணைத் துணிமேல் வைத்து, இரண்டு பக்கமும் பட்டைகளைப் போட்டு, கட்டை அவற்றின் மேல் ஓடும்படி தேயுங்கள். எல்லா இடமும் ஒரே கனம் வரும். இதைவிட மெல்லிசானால் சூளையில் கோணும். தடிமனானால் தட்டைத் தூக்க ஆள் வேண்டும்.

தேய்த்ததும் பழைய ஏடிஎம் கார்டால் இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தி வழியுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள், பிற்பாடு விரிசல் விடாமல் காப்பது இதுதான். மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பிறகு சமன்படுத்தினாலும் சூளைக்குள் போனதும் பழைய வளைவை நினைத்துக்கொள்ளும். தூக்குவதானால் துணியோடு தூக்குங்கள்.

செய்தித்தாள் அளவுக்கு வெட்டி, துணியோடு எவர்சில்வர் தட்டுக்குள் இறக்கி, ஈர ஸ்பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல அழுத்துங்கள்.

படி 4: அலங்காரம், அடி

எங்கள் வீட்டுப் பின்சுவரில் பெரணி மண்டிக் கிடக்கிறது. ஒரு சிறு இலையை விளிம்பில் வைத்து அழுத்தி உரித்தால் நரம்பு நரம்பாகப் பதியும். விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு நடுவிலும் பதித்த தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. தேங்காய்ச் சட்னி அந்த நரம்புகளுக்குள் போய்க் குடியேறிவிடும், பல் துலக்கும் பிரஷ்ஷோடுதான் கழுவுகிறேன்.

மண் இறுகி, விரல் பதியாமல் கத்திக்கு மட்டும் இசைகிற பதத்தில் கவிழ்த்து, சுண்டுவிரல் கனத்தில் ஒரு மண் கயிறு உருட்டி அடியில் வளையமாக ஒட்டுங்கள். ஒட்டும் இரண்டு இடத்தையும் கீறி, மண் குழம்பு தடவுங்கள். இது இல்லாவிட்டால் நடுப்பகுதி சூளையில் தொய்யலாம்.

படி 5: காய்தல்

சமவெளிக்காரர்கள் ஒரு வாரம் என்பார்கள். கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணியே காயாது, மண் எங்கே காயும்? பொறுக்காமல் ஒரு தட்டை ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். ஓரம் முதலில் காய்ந்து சருகு மாதிரி சுருண்டுகொண்டது. மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, தினமும் சிறிது நேரம் திறந்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்கத் தட்டைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

படி 6: முதல் சூடு

அருகிலுள்ள மண்பாண்டக் கூடங்களில் கட்டணத்துக்குச் சுட்டுத் தருவார்களா என்று விசாரியுங்கள். சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். சூளைக்காரரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நாம் இருப்பது 1,800 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மிச்ச ஈரம் ஆவியாகித் தட்டை உடைக்காமலிருக்க, 80 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு ஏற்ற வேண்டும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது சுருங்கும். அந்த இடத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானம்.

படி 7: கிளேஸ்

கிளேஸ் என்பது சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி படிகிற பூச்சு. ஈயமும் காட்மியமும் இல்லாத, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு என்றே விற்கிற கிளேஸ் மட்டும் வாங்குங்கள். உள்பக்கம் பளபளப்பு வகைதான். பளபளப்பில்லாத 'மேட்' வகை படத்தில் அழகு, மஞ்சள் கறை பிடித்தால் போகாது. அடி வளையத்தில் மெழுகுவத்தியை உருக்கித் தடவிவிட்டு முக்குங்கள். அங்கே கிளேஸ் இருந்தால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது சூடு 1,220 முதல் 1,250 டிகிரி, உங்கள் மண்ணும் கிளேஸும் கேட்கிறபடி.

வந்ததும் ஒரு எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்கத் தட்டில் வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடம் நிறம் மாறியிருந்தால் அது சாவி போட்டுவைக்கிற தட்டு, சாப்பிடுகிற தட்டு இல்லை.

என் தயிர் நிறத் தட்டு தேறியது. அதில் களி உருண்டை வைத்து, சுற்றி அவரைக் குழம்பு ஊற்றிப் பக்கத்து வீட்டுப் படுகர் அக்காவிடம் கொடுத்தேன். பேசாமல் பாதி சாப்பிட்டார். பிறகு, விரலால் விளிம்பைத் தொட்டு, "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா இன்னும் அரை விரல் உசரம் வெச்சிருக்கலாம், குழம்பு ரெண்டாந்தரம் வாங்க வேண்டாமா?" என்றார். அடுத்த செய்தித்தாளை ஓரம் தள்ளி வெட்டி வைத்திருக்கிறேன்.