மழுங்கிய பேனாக்கத்திக்குப் பீங்கான் கப்

பேனாக்கத்தி சரியாக வெட்டவில்லையா? தூக்கிப் போடாதீர்கள். ஒரு பீங்கான் காபி கப்பைக் கவிழ்த்து வைத்து, அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தீட்டுங்கள். விரலால் தடவினாலே அந்த இடம் தெரியும்.

சுட்ட பீங்கான் கத்தியின் எஃகைவிடக் கடினமானது, அதனால் விளிம்பைத் தேய்த்துக் கூராக்கும். விக்டோரினாக்ஸ் போன்ற பேனாக்கத்திகளில் இருப்பது மிகக் கடினமான எஃகு அல்ல. சீக்கிரம் மழுங்கும், ஆனால் அதே வேகத்தில் கூரும் ஏறிவிடும். பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-இல் பிறந்த ஓப்பினெல் மரப்பிடிக் கத்தியில் கார்பன் எஃகு வகைக்கும் எளிதில் கூர் ஏறும். விலை குறைவு என்று ஏனோதானோவென வாங்கியவர்கள்கூட, தீட்டிய பிறகு தக்காளித் தோலில் அது வழுக்காமல் இறங்குவதைப் பார்த்து அசந்துபோவார்கள்.

கோணம்தான் முக்கியம். கத்தியை வளையத்தின்மேல் நேராக நிறுத்தி, பாதி சாய்த்து, மீதிக் கோணத்திலும் பாதி சாய்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 20 டிகிரி வந்துவிடும். பக்கத்துக்குப் பத்து முறை, லேசான அழுத்தம் போதும். அப்புறம் ஈரத்துணியால் துடையுங்கள். கார்பன் எஃகு என்றால் உடனே உலர்த்த வேண்டும், துரு பிடிக்கும்.

விளிம்பு உடைந்து பல் விழுந்திருந்தால் இது பயன்படாது, சாணைக்கல்தான் வேண்டும். ரம்பப்பல் கத்திக்கும், அடிவரை மெருகேற்றிய கப்புக்கும் இந்த வழி ஒத்துவராது.