ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய எஸ்யூவியை வாங்கலாமா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

போன வருடம் ஒரு பழைய ரெனோ டஸ்டர் எஸ்யூவியை விலை பேசினேன். 2015 மார்ச்சில் பதிவான டீசல் வண்டி, 85 குதிரைத்திறன், மீட்டரில் 1,62,000 கி.மீ. கேட்ட விலை 3,90,000 ரூபாய். வீட்டில் எல்லோரும் மீட்டரில் இருந்த அந்த ஆறு இலக்க எண்ணைப் பார்த்தே மிரண்டுவிட்டார்கள். "இவ்வளவு ஓடின வண்டிய எவனாவது காசு குடுத்து வாங்குவானா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடி நான் செய்ததை எல்லாம், கார் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. புரோக்கரிடம் "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டால் அவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றுதான் சொல்வார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். "எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேளுங்கள்.

படி 1: ஓடிய கணக்கை வருடத்தால் வகுத்துப் பாருங்கள்

பத்து வருடத்தில் 1,62,000 என்றால் வருடத்துக்குப் பதினாறாயிரம் சொச்சம், ஒரு நாளைக்கு 44 கி.மீ. வேலைக்குப் போய்வந்து, மாதம் ஒருமுறை ஊருக்கும் போகிற குடும்பத்துக்கு இது சாதாரண ஓட்டம். உண்மையில் நான் அதிகம் சந்தேகப்படுவது எதிர்ப்பக்கத்தைத்தான். பத்து வருட டீசல் எஸ்யூவி "45,000தான் சார் ஓடியிருக்கு" என்று வந்தால், நாளுக்கு 12 கி.மீ. ஓட்டுவதற்கு ஒருவர் எதற்கு அதிக விலை கொடுத்து டீசல் வண்டி வாங்கினார் என்ற கேள்வி வர வேண்டும். ஒன்று, வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கிறது, அப்படியானால் ரப்பர் குழாய்கள், பேட்டரி, டயர் எல்லாம் காய்ந்து போயிருக்கும். இல்லையென்றால் யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

மீட்டர் திருப்பியதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள், வரிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதா? ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், கியர் குமிழ், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும்போது உரசுகிற ஓரம், இவையெல்லாம் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். 45,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் புத்தம் புதிதாகப் பளபளத்தாலும் சந்தேகம்தான், யாராவது எதற்காக அதை மாற்றினார்கள்?

படி 2: காகிதங்கள், அதிலும் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியும் தேதி

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ போட்டால் பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். ஈ-சலான் தளத்தில் அதே எண்ணைப் போட்டு அபராதப் பாக்கியையும் பார்த்துவிடலாம். பேர் மாற்றும்போது அது வந்து கழுத்தைப் பிடிக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. பதிவிலிருந்து 15 வருடம்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ஆனது. கட்டணம்கூடப் பெரிதில்லை, எஃப்.சி.க்குப் போகும் முன் டிங்கரிங், பெயிண்டிங் என்று செய்கிற செலவுதான் பெரிது. நான் பார்த்த டஸ்டருக்கு 2030 மார்ச் வரை இருந்தது. அதற்குள் விற்றுவிடலாம் என்று நினைத்தால், அடுத்து வாங்குபவரும் இதே கணக்கைப் போட்டு விலையைக் குறைப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வெளிமாநில வண்டி என்றால் இன்னும் கவனம். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து நிறைய எஸ்யூவிகள் தெற்கே மலிவாக வருகின்றன. விலையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே திரும்பப் பதிவு செய்து, தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரியும் கட்டிய பிறகு எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டியா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

படி 3: சர்வீஸ் வரலாறு

"எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான் சார்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால், ஓனரைக் கூட வைத்துக்கொண்டு அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை நடந்தது என்று கேட்கலாம். கிலோமீட்டர் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று இறங்கியிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, கிளம்பிவிடலாம்.

நான் பார்த்த வண்டி முதல் 90,000 வரை கம்பெனியிலும் அதன் பிறகு வெளியிலும் சர்வீஸ் ஆகியிருந்தது. வெளியில் செய்ததில் ஒன்றும் தப்பில்லை, ஆயில் பில்களும் ஒழுங்காக இருந்தன. ஆனால் ஒரு பில் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை, டைமிங் பெல்ட் மாற்றிய பில்.

இது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அதிகம் ஓடிய வண்டியில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று நேரம் தவறாமல் இயங்க வேண்டும், அதைப் பிணைப்பது சில எஞ்சின்களில் செயின், சிலவற்றில் ரப்பர் பெல்ட். ஸ்கார்பியோ, எக்ஸ்யூவி500 ஆகியவற்றின் 2.2 எம்ஹாக் டீசல் எஞ்சினில் செயின். பழைய கிரெட்டா டீசலிலும் செயின். டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட், ஈகோஸ்போர்ட் 1.5 டீசலில் பெல்ட், பழைய 3.0 ஃபார்ச்சூனரிலும் பெல்ட். செயின் நீண்ட நாள் வரும், தளர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பெல்ட் எதுவும் சொல்லாது. ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து, வால்வு வளைந்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்றி இறக்க வேண்டி வரும். ஓனர் புத்தகத்தில் போட்டிருக்கும் காலக்கெடுவில் மாற்றிய பில் இல்லையா, மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை உங்கள் கணக்கில் எழுதிவிடுங்கள். "மாத்தியாச்சு சார், பில்லுதான் காணோம்" என்பதை நான் மாற்றாததாகவே எடுத்துக்கொள்வேன்.

படி 4: காலையில் குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள்

காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்னமே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் டப்பா மூடியையோ எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியில் கூலண்ட் கலந்து காபி நுரை மாதிரி இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு) பக்கம் பிரச்சினை. பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. மிதிக்கும்போது கரும்புகை என்றால் இன்ஜெக்டர், டர்போ, காற்று வழி இவற்றில் ஏதோ ஒன்று. குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, சூடான பிறகும் நிற்காமல் வந்து கூலண்டும் குறைகிறது என்றால் வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து வாய்மேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் சரி. தூக்கியெறியப் பார்த்தால், குபுகுபுவென்று புகையும் வந்தால், மெக்கானிக்குகள் அதை "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள், பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். விலை எவ்வளவு குறைத்தாலும் புதிதாக வாங்குபவர் அந்த வண்டியைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

படி 5: வெள்ளமும் விபத்தும்

சென்னை, சுற்றுவட்டார வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள், கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துருவும் ஸ்டெப்னி குழியில் வண்டலும் இருக்கிறதா என்று பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி மோந்தும் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

விபத்துக்கு, பானெட், கதவு இவற்றின் போல்ட்டுகளில் பெயிண்ட் கீறியிருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஸ்கார்பியோ, பொலீரோ, ஃபார்ச்சூனர் மாதிரி தனிச் சேஸிஸ் உள்ள வண்டிகளில் குனிந்து சேஸிஸ் சட்டத்தில் துருவும் வெல்டிங்கும் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். டஸ்டர், எக்ஸ்யூவி500 போன்றவற்றில் பாடியே சேஸிஸ் என்பதால் கதவுத் தூண்களிலும் பானெட்டுக்கு உள்பக்கமும் பார்க்க வேண்டும். பம்பர் மாற்றியது, ஒரு கதவு பெயிண்ட் அடித்தது இதெல்லாம் பத்து வருட வண்டியில் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

படி 6: ஓட்டிப் பாருங்கள், மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள்

தெருவில் ஒரு சுற்று போதாது. அரைமணி நேரம், மேடு, பள்ளம், பைபாஸ் எல்லாம் வேண்டும். கடைசி கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள், ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. வேகத் தடையில் கடகட சத்தம் வந்தால் சஸ்பென்ஷனில் உள்ள புஷ், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் இவற்றில் ஏதோ தேய்ந்திருக்கிறது. எழுபதைத் தாண்டினால் ஊளையிடுகிற மாதிரி ஒரு ஹம் சத்தம் வந்தால் வீல் பேரிங். இவை எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள், பயப்பட வேண்டாம், விலையில் கழிக்கத்தான் இவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எரர் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) இல்லை என்று சந்தோஷப்படும் முன், கோடுகளை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், பல வண்டிகளில் அது தெரியும். அதில் 8 கி.மீ. என்று வந்தால் நேற்று சாயங்காலம்தான் அழித்திருக்கிறார்கள்.

படி 7: இப்போது கணக்கு

அடுத்த 40,000 கி.மீ.க்குள் கட்டாயம் வரப்போகிற செலவை எல்லாம் கேட்ட விலையோடு கூட்டினால் வருவதுதான் உண்மையான விலை. என் மெக்கானிக் சொன்ன தொகைகள் இவை, உங்கள் ஊரில் மாறும்: டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 16,000. கிளட்ச் 24,000. நாலு டயர் 30,000 (பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், இந்த வண்டியில் 2218, தேயாத வரிகள் இருந்தும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தது). சஸ்பென்ஷன் 15,000. எல்லா ஆயிலும் ஃபில்டரும் 9,000. ஆக 94,000. இன்ஷூரன்ஸ், பேர் மாற்றம் என்று இன்னொரு 20,000. ஆக, 3,90,000 என்று சொன்ன வண்டி எனக்கு 5,04,000.

இதோடு உதிரிபாகத்தையும் யோசிக்க வேண்டும். இந்தப் பழைய டஸ்டர் 2022ல் நின்றுபோன வண்டி. ஆனாலும் ஒரகடத்தில் அதே தொழிற்சாலையில் உருவான நிசான் டெரானோ கிட்டத்தட்ட இதே வண்டிதான், அந்த 1.5 டீசல் எஞ்சின் நிசான் சன்னியிலும் இருந்தது, அதனால் எஞ்சின் சாமான் வெளியில் கிடைக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, அந்த வண்டிகளை எடுப்பவர் முதலில் தன் ஊரில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எடுக்கட்டும்.

சரி, விலை எப்படிப் பேசுவது? "வண்டி ரொம்ப ஓடியிருக்கு, குறைங்க" என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள். நான் தாளில் எழுதிய பட்டியலை ஓனரிடம் கொடுத்துவிட்டு, பெல்ட், டயர், கிளட்ச் மூன்றையும் கழித்து 3,20,000 என்றேன். அவர் டயரை ஒத்துக்கொண்டார், பெல்ட்டைப் பாதி ஒத்துக்கொண்டார், கிளட்ச்சை ஒத்துக்கொள்ளவே இல்லை ("இன்னும் நல்லா ஓடுதே சார்!"). 3,45,000க்கு முடிந்தது. 3,60,000க்கு மேல் போனால் எழுந்துவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து போயிருந்தேன், அந்த எண் மனதில் இல்லாமல் பேச உட்காராதீர்கள்.

படி 8: பணம் கொடுக்கும் நாள்

பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஃபைனான்ஸ் இருந்தது என்றால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35ம் வங்கியின் என்.ஓ.சி.யும் வாங்கிய பிறகுதான் முழுப் பணம். வண்டி கைமாறியதை எழுதி வைக்கும் டெலிவரி நோட்டில் தேதி மட்டுமல்ல, நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்குத்தான், உங்களுக்கு வராது. ஃபாஸ்டேகையும் அன்றே மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். நான் அதை மறந்துபோய் அடுத்த நாளே பைபாஸ் ஏறிவிட்டேன், இரண்டு டோல் தாண்டியதும் பழைய ஓனர் போன் செய்து, "சார், எங்கே போய்ட்டிருக்கீங்க, எனக்கு மெசேஜ் வந்துட்டே இருக்கே" என்றார், வண்டியை ஓரம் கட்டி ஜிபேயில் அனுப்பிவைத்தேன்.